பிளேடால் வெட்டிய ஜாஸ்

[காட்சி: சுழலும் டேப், பக்கத்தில் ஒரு பிளேடு]

அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969 பிப்ரவரியில் பதிவு செய்த 'இன் எ சைலன்ட் வே' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தைக் கேளுங்கள். முதல் நான்கு நிமிடம் அமைதியாக ஒரு மெட்டு. அதே மெட்டு முடிவில் மறுபடி வரும். பல்லவிக்குத் திரும்புகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, அது அதே டேப்! தயாரிப்பாளர் டியோ மசேரோ ஆரம்பத்தைப் பிரதி எடுத்து, டேப்பைப் பிளேடால் வெட்டிக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்.

அந்தந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பதுதான் ஜாஸ் என்று நம்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

[காட்சி: எலெக்ட்ரிக் பியானோவின் கட்டைகள்]

ஜாஸோடு ராக்கைக் கலந்ததில் மைல்ஸ் முதல் ஆள் இல்லை. 1967-லேயே கேரி பர்ட்டன் குழுவில் லாரி கோரியலின் கிட்டார் ராக் வாடையோடு ஒலித்தது. ஆனால் மைல்ஸ் பெரிய பெயர். இளைஞர்கள் ராக் பக்கம் போய்விட்டார்கள்; அவரே ராக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸையும் ஃபங்க் பாடகர் ஸ்லை ஸ்டோனையும் விரும்பிக் கேட்டார்.

வுட்ஸ்டாக் ராக் இசை விழா முடிந்தது 1969 ஆகஸ்ட் 18. மறுநாளே நியூயார்க்கில் மைல்ஸின் 'பிட்ச்சஸ் ப்ரூ' ஆல்பப் பதிவு தொடங்கியது. மூன்று நாள் வேலை. ஒரே பாட்டில் இரண்டு டிரம்ஸ், இரண்டு பேஸ் (தாழ்ந்த சுருதித் தந்தி வாத்தியம்), இரண்டு மூன்று எலெக்ட்ரிக் பியானோ. டிரம்ஸ் வாசித்த லென்னி ஒயிட்டுக்கு வயது 19! அப்புறம் மசேரோவின் பிளேடு மறுபடி வேலை செய்தது. முதல் தடவை கேட்டால் சந்தைக்கடை இரைச்சல் மாதிரிதான் இருக்கும். பேஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி விளையாடும்.

[காட்சி: மேடை விளக்குகள்]

சரி, மேடையில் பிளேடு கிடையாதே, என்ன செய்தார்கள்? 1970 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில், கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவைக் கேட்க வந்த கூட்டத்தின் முன்னால் மைல்ஸ் வாசித்தார். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே இல்லை. ட்ரம்பெட்டில் அடுத்த பாட்டின் ஒரு துணுக்கை ஊதுவார். குழு அப்படியே அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஸ்டுடியோவில் டேப்பை ஒட்டிச் சேர்த்ததை இங்கே காதாலேயே சேர்த்தார்கள். எனக்கு ஆல்பத்தைவிட இதுதான் பிடிக்கும்.

நேரடி ஜாஸுக்குப் போனால் தனியாக வாசிப்பவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். டிரம்ஸ்காரரைப் பாருங்கள், அவர் எதைக் கேட்டு எதை மாற்றுகிறார் என்று. ஒவ்வொருவர் தனி வாசிப்பு முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே கை தட்டலாம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் நாம் தட்டுவதில்லையா, அதே வழக்கம்தான்.

[காட்சி: கடம், அருகில் கிட்டார்]

மைல்ஸின் அந்த இரண்டு ஆல்பங்களிலும் கிட்டார் வாசித்த ஆங்கிலேயர் ஜான் மெக்லாக்லின், பிறகு அமெரிக்காவில் கர்நாடக இசைக் கலைஞர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். எல். சங்கரின் வயலின், விக்கு விநாயக்ராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா என்று 'சக்தி' குழு உருவானது. அவர்களுடைய முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரி மேடையில் பதிவானது. அதில் முதல் பாட்டு 'ஜாய்', 18 நிமிடம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கடம் எங்கே நுழைகிறது என்று கேளுங்கள்.