காதலுக்கும் துப்பு வேண்டும்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் காலத்துக் காதல் நாவல்களையும் பழைய காலத்தில் நடக்கும் துப்பறியும் நாவல்களையும் ரசிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் படிப்பவர்கள் கை தூக்குங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சரித்திரத் துப்பறியும் கதை என்றால் கைகள் தயங்காமல் உயரும். காதல் நாவல் என்றதும் அதில் பாதி, காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கிவிடும். சரித்திரம் என்ற சொல் ஒட்டிக்கொண்டால் கொலைக்கதைக்கும் மரியாதை வந்துவிடுகிறது. காதலுக்கு அந்த யோகம் இல்லை.

காதல் நாவல் படிப்பவரைப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கடைசியில ரெண்டு பேரும் சேரத்தானே போறாங்க, அதைப் போய் என்ன படிக்கிறது?" துப்பறியும் நாவல் படிப்பவரை யாரும் இப்படி மடக்குவதில்லை. அங்கேயும் கொலையாளி அகப்படத்தானே போகிறான்? முந்நூறு பக்கம் அலைந்துவிட்டு "எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை" என்று துப்பறிவாளர் ஊருக்குக் கிளம்பினால் நாம் சும்மா விடுவோமா? இரண்டிலும் முடிவு என்பது முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்த வாக்கு. அமெரிக்கக் காதல் எழுத்தாளர்களின் சங்கம் வகுத்த வரையறை இரண்டைத்தான் கேட்கிறது: கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். துப்பறியும் கதைக்கு 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும். இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது. துப்பறிவாளருக்குக் கிடைத்த தடயம் அப்போதே வாசகரின் கண்ணிலும் பட வேண்டும். பாதிரியார் என்பதால் பத்தோடு நிறுத்தினார் என்று நினைக்கிறேன்.

ஆகவே, இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தை முடிவில் தேடக் கூடாது. யாருக்கு முதலில் தெரிகிறது என்பதில்தான் அது இருக்கிறது. காதல் நாவலில் நமக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் அத்தியாயத்திலேயே நாம் கண்டுகொண்டதை அந்த இரண்டு மக்குகளும் இருபதாம் அத்தியாயத்தில்தான் கண்டுகொள்கிறார்கள். துப்பறியும் நாவலில் நாம்தான் மக்கு. விசாரிக்கிறவர் ஏதோ ஒன்றைக் கவனித்து லேசாகத் தலையசைக்கிறார். நாம் பத்து அத்தியாயம் அவர் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறோம். இன்றைய காதல் நாவல்கள் பலவற்றில் ஓர் அத்தியாயத்தை அவள் சொல்கிறாள், அடுத்ததை அவன் சொல்கிறான். இருவர் மனசும் நம் கையில். துப்பறியும் நாவலில் கதைசொல்லிகள் நம்மிடமிருந்து மறைப்பதற்கென்றே பேசுகிறார்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதை எடுக்கும்போது வாசகரின் இடமே மேலும் கீழுமாக மாறுகிறது. மாற்றி மாற்றிப் படிப்பதில் எனக்குக் கிடைக்கும் சுகம் அதுதான்.

ஆனால் வேலை ஒரே வேலை. காதல் நாவலிலும் துப்பறிதல்தான் நடக்கிறது. காதலைப் பேசும் நம் அக இலக்கணத்துக்கு இது எப்போதோ தெரியும். தலைவியின் களவை, அதாவது மறைத்து வைத்த காதலை, முதலில் மோப்பம் பிடிப்பவள் தோழி. அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பதற்கு இறையனார் களவியல் என்ற பழைய இலக்கண நூலில் ஒரு நூற்பாவே இருக்கிறது: முன்னுற உணர்தல், குறையுற உணர்தல், இருவரும் உள்வழி அவன் வரவு உணர்தல். தலைவியின் முகத்திலும் நடையிலும் வந்த மாறுதலைப் பார்த்துத் தானே ஊகிப்பது ஒன்று. தலைவன் வந்து குறையிரந்து நிற்பதைக் கண்டு புரிந்துகொள்வது இரண்டு. தானும் தலைவியும் சேர்ந்திருக்கும் இடத்துக்கு அவன் வரும்போது இரண்டு முகங்களையும் வைத்து உறுதிசெய்துகொள்வது மூன்று. தடயம், வாக்குமூலம், நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தல். விசாரணைக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்திலேயே தாய் இருக்கிறாள். மகள் மெலிவதைப் பார்த்து, முருகன் அணங்கிவிட்டான், அதாவது பிடித்துக்கொண்டான், என்று பூசாரி வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். தப்பான ஆளைக் குற்றவாளியாக்கும் இன்ஸ்பெக்டரும் நமக்கு அப்போதே இருந்திருக்கிறார்!

இன்னொரு காட்சியையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நாயகி எலிசபெத்திடம் நாயகன் டார்சி ஒரு நீண்ட கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான். முதல் தடவை அவள் அதை ஆத்திரத்தோடு படிக்கிறாள். அவன் எழுதியது எல்லாமே பொய் என்று தீர்மானிக்கிறாள். மறுபடி எடுக்கிறாள். இப்போது அவள் செய்வதைக் கவனியுங்கள். டார்சியைக் குறைசொல்லித் திரியும் விக்கம் தன்னிடம் சொன்னதையும் டார்சி எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாள். அறிமுகமான புதிதிலேயே, முன்பின் பழகாத தன்னிடம், விக்கம் ஏன் அவ்வளவு அந்தரங்கத்தைக் கொட்டினான்? டார்சியைச் சந்திக்க எனக்கென்ன பயம் என்று வீறாப்புப் பேசியவன், அடுத்த வாரமே அவன் இருக்கும் விருந்துக்கு வராமல் ஏன் நழுவினான்? டார்சியின் கூட்டம் ஊரைவிட்டுப் போகும்வரை இவளிடம் மட்டும் சொன்ன கதையை, அவர்கள் போனதும் ஊர் முழுக்க ஏன் பரப்பினான்? இந்த மூன்று கேள்வியும் எந்த விசாரணை அதிகாரிக்கும் பெருமை சேர்க்கும். தடயங்கள் எல்லாம் நம் கண் முன்னாலேயே நடந்தவை. நாமும் அவளோடு சேர்ந்து கோட்டைவிட்டோம். நாக்ஸ் பிறப்பதற்கு முன்பே அவருடைய கட்டளை ஒரு காதல் கதையில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்து ஆசிரியருக்குத் தடைகள் சும்மா கிடைத்தன. மணமாகாத ஒருத்தி ஓர் ஆணிடமிருந்து கடிதம் வாங்குவதே பேச்சுக்கு இடமாகும். குடும்பச் சொத்து மகள்களைத் தாண்டி எங்கோ இருக்கும் ஆண்வாரிசுக்குப் போகும். இன்றைய காதல் நாவலாசிரியரின் நிலைமை பரிதாபம். நாயகனும் நாயகியும் சம்பாதிக்கிறார்கள், பல கதைகளில் தனியாக வசிக்கிறார்கள், இருவர் கையிலும் போன் இருக்கிறது. உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசினால் புத்தகம் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தை முந்நூறு பக்கம் தள்ளிப்போட வேண்டும். நாயகன் நாயகி ஒருவரையொருவர் வெறுப்பது, காதலர்களாக நடிப்பது, விடுதியில் ஒரே அறைதான் காலி என்பது — ட்ரோப் என்று வாசகர்கள் செல்லமாகச் சொல்லும் இந்த ஏற்பாடெல்லாம் அதற்குத்தான். இவற்றைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அவற்றின் மேல் புகார் இல்லை. ஒரே ராகத்தை எத்தனை பேர் பாடினாலும் நாம் கேட்கத்தானே செய்கிறோம்.

எனக்குப் புகார் இருப்பது வேறிடத்தில். கதையின் முக்கால் பங்கில் பிரிவு ஒன்று வரும். ஒட்டுக்கேட்ட அரை வாக்கியத்தை நம்பி நாயகி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். முழு வாக்கியத்தையும் கேட்க அவளுக்குப் பொறுமை இல்லை. அவனுக்கோ பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல வாய் இல்லை. என்னைக் கேட்டால், கடைசி அத்தியாயத்தில் இரட்டைப் பிறவித் தம்பியைக் கொண்டுவந்து கொலைப்பழி போடுவதும் இதுவும் ஒரே மோசடி. நல்ல ஆசிரியர் பிரிவுக்குக் காரணமாகும் பயத்தை முதல் அத்தியாயத்திலேயே விதைத்திருப்பார். உதவி கேட்டதே இல்லாத ஒருத்தி. வாக்குக் கொடுக்கும்போதெல்லாம் பேச்சை வேடிக்கையாக்கிவிடும் ஒருவன். அவை குணச்சித்திரம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம். பிரிவு வரும்போதுதான் அவை தடயங்கள் என்று உறைக்கும். போனைக்கூட நல்ல எழுத்து வீணாக்குவதில்லை. திரையில் அந்த மூன்று புள்ளிகள் துடிக்கின்றன, அவன் என்னமோ எழுதுகிறான், நின்றுவிடுகிறது, மறுபடி துடிக்கிறது, கடைசியில் வந்து விழுவது "ஓகே" என்ற ஒற்றைச் சொல். அந்த "ஓகே"க்கு முன்னால் அவன் எழுதி அழித்தது என்ன என்று அவள் இரவெல்லாம் ஆராய்கிறாள். கொலைக்கதையில் அடுப்பில் பாதி எரிந்து கிடக்கும் உயிலுக்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

சரித்திரத் துப்பறியும் நாவலுக்கு இதற்கு நேர் எதிரான பிரச்சினை. அங்கே தடைகளுக்குப் பஞ்சமில்லை, கருவிகளுக்குத்தான் பஞ்சம். கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் அலுவலகம் கல்கத்தாவில் 1897-இல் வந்தது, லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் 1901-இல். அதற்கு முன்னால் நடக்கும் கதையில் கத்திப்பிடியில் ரேகை எவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஆர்சனிக் நஞ்சு இன்னும் மோசம். வெள்ளைப் பொடி, வாயில் வைத்தால் அதிகம் தெரியாது, வயிற்றுப்போக்கும் வாந்தியுமாகக் காலரா மாதிரியே காட்டும், அந்தக் காலத்தில் எலி மருந்து என்று சொல்லி யாரும் வாங்கலாம். 1833-இல் இங்கிலாந்தில் ஜான் பாடில் என்பவன் தாத்தாவின் காப்பியில் ஆர்சனிக் கலந்தான் என்று வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் சோதித்து நஞ்சைக் கண்டுபிடித்தார். ஆனால் ஜூரிகள் முன் கொண்டுபோவதற்குள் சோதனையில் கிடைத்த மஞ்சள் படிவு கெட்டுவிட்டது. பாடில் விடுதலையானான், பிறகு தான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். அந்த எரிச்சலில் மார்ஷ் உட்கார்ந்து உருவாக்கியதுதான், கண்ணாடியில் கருப்புப் படலமாக ஆர்சனிக்கைக் காட்டிக்கொடுக்கும் சோதனை, 1836-இல் வெளியானது. நாவலாசிரியர் கதையை 1830-இல் வைக்கிறாரா 1840-இல் வைக்கிறாரா என்பது அதனால் அலங்கார விஷயம் அல்ல. பத்து வருஷம் முன்னே பின்னே நகர்த்தினால் கொலையாளி தூக்கில் தொங்குகிறான் அல்லது தப்பித்துவிடுகிறான்.

நாள்காட்டியே தடயமாகும் காலங்களும் உண்டு. எனக்கு இவை மிகவும் பிடிக்கும். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் புதிய நாள்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து மாறவில்லை. இரண்டுக்கும் இடையே பத்து நாள் வித்தியாசம். 1680 ஜூன் 12 அன்று பாரிஸில் எழுதிய கடிதம், ஐந்து நாள் பயணம் செய்து, லண்டனில் ஜூன் 7 அன்று கையில் கிடைக்கும். எழுதுவதற்கு முன்பே வந்து சேர்ந்த கடிதம்! அதுவும் போதாதென்று, இங்கிலாந்தில் அப்போது சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது; பிப்ரவரி என்பது ஆண்டின் கடைசியில் வரும். 1700 பிப்ரவரி என்று போட்ட உயில், 1700 ஜூன் மாதத்துத் திருமணத்துக்கு முந்தியது என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் அது எட்டு மாதம் பிந்தியது. சொத்து யாருக்கு, கொல்ல வேண்டிய அவசியம் யாருக்கு என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு தேதியில் தலைகீழாகும். 1752-இல்தான் இங்கிலாந்து வழிக்கு வந்தது: செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. நடுவில் காணாமல்போன நாட்களில் நான் எங்கே இருந்தேன் என்று சாட்சி சொல்ல யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது.

கருவி இல்லாதபோது மிஞ்சுவது பேச்சு. ஆகவே சரித்திர நாவலில் துப்பறிகிறவர் யார் என்பது பெரிய கேள்வி. நவீன காவல்துறைக்கு முந்திய கதைகளில் மடத்துத் துறவி, மருத்துவச்சி, விதவை, எழுத்தர், மூலிகை தெரிந்தவர் என்று வருகிறார்களே, ஆசிரியர் வித்தியாசத்துக்காக வைத்ததல்ல அது. எல்லா வீட்டுக் கதவையும் தட்டலாம், எஜமானியையும் வேலைக்காரியையும் ஒரே நாளில் பார்த்துப் பேசலாம் என்ற உரிமை அந்தந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது? மருத்துவச்சிக்கு இருந்தது. பிரபுவுக்கு இல்லை; அவர் சமையலறைக்குள் நுழைந்தால் அங்கே பேச்சே நின்றுவிடும். நல்ல சரித்திரத் துப்பறியும் நாவல் கொலையைச் சாக்காக வைத்து ஒரு சமூகத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறது. மோசமானது ஆடைகளின் பெயர்களை அடுக்குகிறது. மூன்று பக்கத்துக்கு மேல் துணியும் பொத்தானும் வந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன்.

இன்னொன்றும் உறுத்தும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழும் நாயகி நேற்று ஆஃபீஸிலிருந்து வந்தவள் போலப் பேசுவாள். அந்தக் காலத்திலும் துணிச்சலானவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய துணிச்சல் அவர்கள் நம்பிய கடவுளோடும் பயந்த நரகத்தோடும் கலந்திருந்தது. அதை உரித்துவிட்டு நம் கருத்துகளை அவர்கள் வாயில் திணித்தால் சரித்திரம் திரைச்சீலையாகிவிடுகிறது.

சரித்திரமே குற்றவாளிக் கூண்டில் நின்ற நாவல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜோசபின் டே 1951-இல் எழுதிய 'த டாட்டர் ஆஃப் டைம்'. காலொடிந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர், 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்த்து, இந்த முகம் அண்ணன் பிள்ளைகளைக் கொன்ற முகமா என்று சந்தேகப்படுகிறார். நகராமலே, ஆவணங்களை வரவழைத்து, நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கை மறுவிசாரணை செய்து ரிச்சர்டை விடுவிக்கிறார். வரலாற்றறிஞர்கள் பலர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. 2012-இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது ரிச்சர்டின் எலும்புக்கூடே கிடைத்தது. முதுகெலும்பு வளைந்திருந்தது, கதைகள் சொன்ன சூம்பிய கை மட்டும் இல்லை. பிள்ளைகளைக் கொன்றது யார் என்பதற்கு எலும்பு பதில் சொல்லவில்லை. நாவலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் தீர்ப்பு அல்ல. யார் எழுதியது, அப்போது அவருக்கு என்ன வயது, யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று ஒவ்வொரு சாட்சியையும் அந்த இன்ஸ்பெக்டர் குடைகிறாரே, அந்தக் குடைச்சல்தான்.

இரண்டையும் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. சரித்திர நாவலின் கடைசியில் பெரும்பாலும் ஆசிரியர் குறிப்பு இருக்கும். எது நடந்தது, எது கற்பனை என்று அதில் சொல்லியிருப்பார்கள். அவசரப்பட்டு முதலில் படிக்காதீர்கள், கொலையாளி அங்கே உட்கார்ந்திருக்கக் கூடும். காதல் நாவலின் கடைசியில் எபிலாக் என்ற பின்கதை இருக்கும். பெரும்பாலும் ஒரு குழந்தை, சில சமயம் இரண்டு. அதைப் படிக்காமல் விட்டாலும் பாதகமில்லை. மாறாக, முடித்த கையோடு முதல் சந்திப்புக் காட்சியை மறுபடி எடுத்துப் படியுங்கள். அவன் எந்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டான் என்று இப்போது விரல் வைத்துக் காட்ட முடியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கொலையாளியின் பெயரைச் சொல்லித்தான் கேட்பேன் என்பவர்கள், கூட்டம் கலைந்த பிறகு தனியாக வாருங்கள்.