ஓதத்தை வெளியேற்றும் வெயில்

வணக்கம் நேயர்களே. உதகை, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஓதத்தைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் தாங்காது. இதற்கு வெயிலிலேயே ஒரு வழி இருக்கிறது.

10 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம் தாங்கும். மலைக்காற்று மூடுபனியாகத் தெரிந்தாலும் அதில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். அதை வெயிலில் சூடாக்கி உள்ளே விட்டால், சுவரிலும் துணியிலும் இருக்கிற ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

வாங்கிய ஈரத்தோடு அது வெளியே போயாக வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சூடு போய்விடுமே என்று ஜன்னலை இறுக மூடிவிட்டால், ராத்திரி குளிரில் அதே ஈரம் கண்ணாடியிலும் பீரோவுக்குப் பின்சுவரிலும் முத்து முத்தாகப் படிந்துவிடும். சூடான காற்று நுழையும் இடத்துக்கு எதிர்ப்பக்கச் சுவரில் ஒரு துவாரம் கட்டாயம்.

காற்றை இப்படிச் சூடாக்கும் கருவி எளிமையானது. ஒரு பெட்டி, உள்ளே கறுப்பு பெயிண்ட் அடித்த தகடு, மேலே கண்ணாடி. வெளிக்காற்று கீழே நுழைந்து, சூடாகி, மேலே குழாய் வழியாக அறைக்குள் வரும். சின்ன ஃபேன் ஒன்றை நேரே சோலார் பேனலில் இணைத்தால் போதும், பேட்டரி வேண்டாம். வெயில் வந்தால் ஓடும், மறைந்தால் நிற்கும். இரவில் குளிர்காற்று புகாமல் குழாய்க்கு ஒரு மூடி வையுங்கள். புதுப் பெட்டியைச் சில நாள் சும்மா வெயிலில் காயவிட்டு, பெயிண்ட் வாடை போனபிறகு இணையுங்கள்.

வெளிநாட்டுப் படங்களில் இந்தப் பெட்டி தெற்குச் சுவரில் நிற்கும். நாம் அப்படிச் செய்யக்கூடாது. உதகை இருப்பது 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயில் நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும்; தெற்குச் சுவரில் நேர்வெயில் படாது. கூரைமேல் லேசான சரிவில் வைப்பதே சரி.

சென்னைக்கு இது உதவாது. அங்கே வெளிக்காற்றிலேயே நீர் அதிகம். சூடாக்கினால் வீடு புழுங்கும். அங்கே சிலிக்கா ஜெல் என்ற ஈரம் உறிஞ்சும் மணிகள் ஈரத்தை இழுக்கட்டும். வெயில் காற்று அந்த ஜெல்லைக் காயவைத்து, ஈரத்தோடு வெளியே போகட்டும்.

ஒழுகும் கூரையை முதலில் சரிசெய்யுங்கள். அப்புறம் ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பீரோவுக்குள் வையுங்கள். அது 60 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சணம் பிடிப்பது கடினம். நன்றி, வணக்கம்.