மலை ஆஸ்பத்திரியில் வெந்நீர்

நேயர்களுக்கு வணக்கம். மேலே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் பூண்டுக் காட்டில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவர்கள் இருப்பீர்கள். கீழே பெரியகுளம், வத்தலக்குண்டு, மதுரை என்று புழுக்கத்தில் உட்கார்ந்து கேட்பவர்களும் இருப்பீர்கள். கீழே இருப்பவர்கள் இன்று கொஞ்சம் குளிரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நான் பேசப்போவது குளிரைப் பற்றியும் வெந்நீரைப் பற்றியும்.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பழனி மலையில் அரசு ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று மாறி மாறி 29 வருஷம். எத்தனை மாத்திரை வந்தது, எத்தனை போனது, மீதி எவ்வளவு என்று இருப்புப் பதிவேடு எழுதி எழுதியே விரல் காய்த்துப்போனது. அந்தப் பதிவேட்டில் ஒரு நாளும் ஏறாத மருந்து ஒன்று இருந்தது. அது சூடு. 7,000 அடி உயரத்தில், மார்கழி, தை ராத்திரியில், ஒரு நோயாளிக்கு முதலில் வேண்டியது அதுதான். அதை டாக்டர் சீட்டில் எழுத மாட்டார், நான் ஜன்னல் வழியாகக் கொடுக்க முடியாது. கொடுப்பவர்கள் சிஸ்டர்கள், ஆயாக்கள், வார்டு பணியாளர்கள். எங்கும் எழுதப்படாததாலோ என்னவோ, அது யார் கண்ணிலும் படுவதில்லை.

மே 12-ஆம் தேதி உலக செவிலியர் தினம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-இல் பிறந்த நாள். அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியிலும் விளக்கு ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், கேக் வெட்டுவார்கள். நல்லதுதான். விளக்கேந்திய அம்மையார் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தோம். அந்த விளக்குக்குப் பக்கத்தில் ஒரு வெந்நீர் அண்டாவும் இருந்தது என்பதை நமக்குச் சொல்லித்தரவில்லை. 1854-இல் கிரிமியப் போரின்போது ஸ்கூட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது, காயத்தைவிட நோயில் செத்த சிப்பாய்கள்தான் அதிகம். அவர் செய்த காரியங்களில் ஒன்று, பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அதில் கொதிகலன் வைத்து, சிப்பாய்களின் மனைவிமாரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, நோயாளிகளின் துணியை வெந்நீரில் துவைக்க வைத்தது. நர்ஸ் ஒருவர், துணி துவைக்கும் பெண்கள் சிலர், வெந்நீர். இந்த மூன்றும் அன்றைக்கே ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

மலையில் வெந்நீருக்கே ஒரு குணம் உண்டு. குக்கர் இல்லாமல் இங்கே துவரம்பருப்பு லேசில் வேகாது என்பது கொடைக்கானல் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கீழே 100 டிகிரி என்றால் இங்கே 93-க்குப் பக்கம். தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு போதாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணாடி ஊசிக்குழாய்களைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்கிற வழக்கம் இன்னும் இருந்தது. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு சிஸ்டர் கீழே பழகிய நேரக்கணக்கிலேயே அடுப்பை அணைக்கப் போனார். "இன்னுங் கொஞ்ச நேரம் கெடக்கட்டும் சிஸ்டர், மலத் தண்ணி ஏமாத்தும்" என்று தடுத்தவர் ஓர் ஆயா. பள்ளிக்கூடம் போகாதவர். நான் படித்த பாடத்தில் இருந்த விஷயத்தை அவர் அடுப்படியில் நின்று தெரிந்து வைத்திருந்தார்.

பெட்பேன் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், எழுந்து போகமுடியாதவர்களுக்குப் படுக்கையில் வைக்கிற எவர்சில்வர் பாத்திரம். தை மாதம் விடியற்காலை நாலு மணிக்கு அந்த எவர்சில்வர் எப்படி இருக்கும்? இடுப்பு ஒடிந்து கிடக்கிற ஒரு பாட்டிக்கு அதை அப்படியே வைத்தால் உடம்பு தூக்கிப்போடும், ஒடிந்த எலும்பு உயிர்போகிற மாதிரி வலிக்கும். எங்கள் வார்டு ஆயா அதற்குள் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, விளிம்பைத் துணியால் துடைத்து, தன் முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். முழங்கையில்! பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. ஒரு ராத்திரிக்குப் பத்துப் பேருக்கு. அவருடைய வேலைப் பட்டியலில் "பெட்பேன் வைத்தல்" என்று இருக்கும். வெந்நீர் ஊற்றியது அவராகச் செய்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்லவந்த விஷயம், பச்சைக் குழந்தை. நமக்குக் குளிர்ந்தால் நடுங்குவோம், நடுங்கினால் உடம்பு சூடாகும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கிச் சூடு ஏற்றிக்கொள்ளத் தெரியாது. உள்ளே இருக்கிற கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துத்தான் சூடு தேடும். எடை குறைந்த பிள்ளையிடம் எரிக்க என்ன இருக்கிறது? சர்க்கரை இறங்கும், மூச்சு தடுமாறும். பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் மலையில் ஜன்னலுக்கு வெளியே அப்போது 8 டிகிரி இருக்கும்.

ஒரு கார்த்திகை மாத ராத்திரி. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். காற்றும் மழையும். பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிரசவம் ஆன தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, கையில் இருந்த ஆக்ஸிடோசின் தீரப்போகிறது, ஸ்டோர் சாவி என்னிடம். ஆக்ஸிடோசின் குளிரில் வைக்கவேண்டிய மருந்து, ஃபிரிட்ஜில் இருக்கும். ஐஸ் மாதிரி இருந்த அந்த ஆம்ப்யூல்களைக் கையில் பொத்திக்கொண்டு ஓடினேன்.

உள்ளே டாக்டர் தாயோடு போராடிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரண்டு தடவை உறுமிவிட்டு நின்றுவிட்டது. பிறந்த பிள்ளையை வைக்கிற வார்மர், மேலே ஹீட்டர் வைத்த தொட்டில், இருட்டிக் கிடந்தது. பெண் குழந்தை, 1,650 கிராம். கீழே தேனிக்கோ திண்டுக்கல்லுக்கோ அனுப்பவேண்டும். மலைப்பாதையில் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. 108 தயாராக நிற்கிறது, போக ரோடு இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் அந்த சிஸ்டர் செய்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளையைத் துடைத்தார். துடைத்த ஈரத்துணியை அந்த நொடியே தூக்கி எறிந்தார், வேறு காய்ந்த துணி எடுத்தார். ஈரத்துணி சூட்டை உறிஞ்சிவிடும். தலைக்கு ஒரு குல்லா போட்டார். பச்சைக் கம்பளிக் குல்லா. அது எங்கள் ஆயாவின் பழைய ஸ்வெட்டர் கை! கையை வெட்டி, ஒரு முனையை மூட்டித் தைத்து, துவைத்துக் காயவைத்து, பிரசவ அறை அலமாரியில் நாலைந்து குல்லா வைத்திருந்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை.

பிறகு சிஸ்டர் வராந்தாவுக்கு வந்து பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டார். பீன்ஸ் தோட்டத்தில் கூலி வேலை, இருபத்திரண்டு வயசு இருக்கும். மழையில் முழுக்க நனைந்து நின்றார்.

"தம்பி, சட்டையக் கழட்டுங்க."

"சிஸ்டர், நானா?"

"உங்க பொஞ்சாதி முடியாமக் கெடக்கு. பிள்ளைக்கு இப்ப உங்க நெஞ்சுச் சூடு வேணும். இங்க வேற சூடு இல்ல தம்பி."

ஆனால் அவர் நெஞ்சே சில்லிட்டுப் போயிருந்ததே! அங்கேதான் ஆயா வந்தார். காற்று அடிப்பதைப் பார்த்ததுமே கரண்ட் போகும் என்று சாயந்தரமே கேஸ் அடுப்பில் பெரிய தேக்சாவில் தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, அந்தத் தம்பியின் நெஞ்சையும் முதுகையும் துடைத்து, காய்ந்த துண்டால் மறுபடி துடைத்து, கையில் ஒரு டம்ளர் கடுங்காப்பியைக் கொடுத்து, "குடி ராசா, மொதல்ல நீ சூடாகு" என்றார்.

பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாகத் தவளை மாதிரி படுக்கவைத்து, மேலே துணி சுற்றி, கம்பளி போர்த்தினார்கள். அப்பத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆம்பள மேலயா? குளிப்பாட்டாத பிள்ளைய? வெந்நி இருக்குல்ல, ஊத்தி எடுத்துருவமே" என்று ஆரம்பித்தார். சிஸ்டர் கோபப்படவில்லை. "அப்பத்தா, உங்க பேத்தி உங்க மகன் மேலதான படுத்திருக்கா. குளிப்பாட்டுனா வெறச்சுப் போவா. நீங்க இந்தக் கம்பளி நழுவாமப் பிடிச்சுக்கங்க, அது போதும்" என்றார். அந்த அம்மா விடியும்வரை கம்பளி முனையை விடவில்லை.

அந்தத் தம்பி மூச்சுவிடவே பயந்து உட்கார்ந்திருந்தார். "நல்லா மூச்சு விடுங்க தம்பி, அந்த ஏத்த எறக்கம் பிள்ளைக்குத் தெரியட்டும்" என்று சிஸ்டர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. அடிக்கடி வந்து கம்பளிக்குள் கையை விட்டு, புறங்கையால் பிள்ளையின் வயிற்றைத் தொடுவார், பிறகு பாதத்தைத் தொடுவார். தொடுமுன் தன் கையைக் காப்பி டம்ளரில் ஒற்றிச் சூடாக்கிக்கொள்வார். விடிகாலையில் தாயிடமிருந்து கொஞ்சம் சீம்பால் எடுத்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். நாலு மணிக்குத் தெர்மாமீட்டர் 36 புள்ளி 6 காட்டியது. தாயின் ரத்தப்போக்கும் நின்றிருந்தது.

ஆறரைக்கு வழி திறந்தது. அந்தத் தம்பி பிள்ளையை நெஞ்சிலிருந்து எடுக்காமலே ஆம்புலன்ஸில் ஏறினார். ஏறுமுன் டாக்டரைக் கும்பிட்டார். ஸ்டோரைத் திறந்து மருந்தை எடுத்துக் கொடுத்த என்னையும் கும்பிட்டார். சிஸ்டர் உள்ளே கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். ஆயா பிரசவ அறைத் தரையில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. தம்பியைக் குறைசொல்லவில்லை, அவர் இருந்த நிலை அப்படி. ஆனால் நான் திரும்பியிருக்கவேண்டும். நானும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று சிஸ்டர் செய்ததற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், 1978-இல் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. 1,800 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே இப்படி நெஞ்சில் போட்டு வைத்தால், முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். அதைச் செய்துகாட்டுவது, பக்கத்தில் நிற்பது, அப்பத்தாக்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் நர்சுகள்.

வீட்டில் பிறந்த பிள்ளை இருந்தால் இதை மட்டும் மனதில் வையுங்கள், திரும்பவும் சொல்கிறேன். புறங்கையால் தொடுங்கள். வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் பிள்ளைக்குக் குளிர் ஏறுகிறது என்று அர்த்தம், உடனே நெஞ்சோடு சேர்த்து அணையுங்கள். வயிறும் சில்லென்று இருந்தால் ஆஸ்பத்திரிக்கு. பிறந்து 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம். சிஸ்டர் வேண்டாம் என்று சொன்னால் தயவுசெய்து சண்டை போடாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரவு ஏழு மணிக்கு ஏறினால் காலை ஏழு வரை நிற்கிற நைட் டியூட்டியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குகிற கிராம சுகாதார செவிலியர்களைப் பற்றியும் சொல்ல இருந்தேன். பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. ராத்திரி வார்டில் எத்தனை பேருக்கு ஒருவர் நிற்கிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 2015-இல் தொகுப்பூதியத்தில் எடுத்த நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். பிறகு கூட்டினார்கள், ஆனாலும் பணி நிரந்தரத்துக்கு அவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் கொடுத்த சீருடை கீழ்நாட்டு வெயிலுக்குத் தைத்த மெல்லிய துணி. ஸ்வெட்டர் அவரவர் காசு. தன் ஸ்வெட்டர் கையை வெட்டிக் குல்லா தைத்தாரே, அந்த ஆயா அதற்கப்புறம் கை இல்லாத ஸ்வெட்டரைத்தான் உள்ளே போட்டுக்கொண்டு வந்தார். கொடைக்கானலிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் இருக்கிற வியாபாரிகள் சங்கத்தார், பள்ளிக்கூடத்தார், தோட்டக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், மார்கழி பிறக்குமுன் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி வேலை பார்க்கிற ஆயா எத்தனை பேர், தூய்மைப் பணியாளர் எத்தனை பேர் என்று கேட்டு, ஆளுக்கொரு முழுக்கை ஸ்வெட்டர் வாங்கிக்கொடுங்கள். அளவு கேட்டு வாங்குங்கள். வணக்கம்.