பயம் எங்கே கைகாட்டுகிறது?

(ஈரோட்டில் எழுத ஆரம்பித்திருக்கும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

இதே ஈரோட்டில், கருங்கல்பாளையம் வாசகசாலையில், 1921 ஜூலை 31 அன்று பாரதியார் பேசினார். தலைப்பு ‘மனிதனுக்கு மரணமில்லை’. அடுத்த ஆறு வாரத்தில் சென்னையில் காலமானார். ‘அச்சமில்லை அச்சமில்லை’ என்ற அவருடைய வரியைச் சொல்லி, பயத்தை உதறிவிட்டு வா என்று இளைஞர்களுக்குச் சொல்வது மேடை வழக்கம். நான் அந்தத் தலைப்பைப் பார்க்கிறேன். மனுசனுக்கு இருப்பதிலேயே பெரிய பயம் எதுவோ, அதையே நேராக எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறார். எனக்குப் பிடித்த பாரதி அந்த பாரதிதான்.

பயமே வராமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். மருத்துவ ஆய்வுகளில் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடப்படும் ஓர் அமெரிக்கப் பெண்ணைப் பாருங்கள். அரிய பரம்பரை நோயால் அவருடைய மூளையில், பயத்தை உணரவைக்கும் அமிக்டலா என்ற பகுதி இரு பக்கமும் அழிந்துபோனது. பாம்பைக் கொடுத்தால் ஆசையாகக் கையில் வாங்கிப் பார்ப்பார். ஒரு ராத்திரி பூங்கா வழியே போகும்போது ஒருவன் கழுத்தில் கத்தி வைத்தான். அவர் பதறவில்லை. மறுநாளும் அதே பூங்கா வழியாக நடந்து போனார். இதை வீரம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆபத்தை விட்டு விலகு என்று சொல்ல உள்ளே எதுவும் இல்லாததால், திரும்பத் திரும்ப ஆபத்தில் மாட்டிய வாழ்க்கை அது. ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்று வள்ளுவர் சும்மா சொல்லவில்லை.

சரி, எதற்கு அஞ்சுவது? சாயப்பட்டறைத் தொட்டிக்குள் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் இறங்கச் சொன்னால் பயப்படுங்கள், இறங்காதீர்கள். அந்தப் பயம் உயிரைக் காக்கும். அதில் பேச வேறொன்றும் இல்லை.

நான் பேச வந்தது இன்னொரு பயத்தைப் பற்றி. ‘நாலு சனம் என்ன பேசும்?’ நம் கொங்குச் சீமையில் படிப்பு, கல்யாணம், தொழில் எல்லாவற்றிலும் முதலில் வந்து உட்காருவது இந்தக் கேள்விதான். எழுத உட்கார்ந்தாலும் விடாது. ஆனால் எழுதுகிறவருக்கு இதைப்போல நல்ல வழிகாட்டி வேறு இல்லை என்று நான் நம்புகிறேன்.

ஒரு தம்பி கதை ஒன்று கொண்டு வந்தார். அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, பண்ணையம் பார்த்த காலத்தைப் பற்றியது. வேப்பமரம், கட்டுத்தரை, மழை வாசம் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் வாசலுக்கு வெளியே தனித் தட்டில் சாப்பிட்டது மட்டும் ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஏன் தம்பி என்று கேட்டேன். “அதை எழுதினால் அப்பாருவைப் பற்றி என்ன நினைப்பாங்க?” என்றார். கதை அங்கேதான் இருக்கிறது என்றேன்.

நீங்களும் உங்கள் எழுத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த நடை திடீரென்று எங்கே அலங்காரம் ஆகிறது? பெயர் சொல்லி எழுதி வந்தவர் எங்கே ‘சமூகம்’, ‘மனிதர்கள்’ என்று பொதுவாகப் பேச ஆரம்பிக்கிறார்? தேவையே இல்லாமல் எங்கே நிலா வருகிறது? அந்த இடங்களில் பேனா எதையோ பார்த்துவிட்டு ஒதுங்கியிருக்கிறது. அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். அப்புறம் அங்கிருந்து எழுதுங்கள்.

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவல் 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். வெளியே சொல்ல எந்தக் குடும்பமும் கூசும் பங்குச் சண்டையை, நம் சனத்தின் பேச்சிலேயே எழுதினார். நம் பேச்சை எழுதினால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்களோ என்று இன்றைக்கும் தயங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். தமிழின் முதல் வட்டார நாவல் என்று பேசப்படுவதே நம் பேச்சில் எழுதியதுதான், கண்ணுகளா.

கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளைக்கு இடுப்பில் சுரைப்புருடை கட்டிவிடுவோம். முதல் முறை எழுதுவதை யாருக்கும் காட்டுவதில்லை என்று முடிவு செய்துகொள்வதும் அப்படித்தான். காட்டுவதா வேண்டாமா என்பதை எழுதி முடித்த பிறகு யோசிக்கலாம்.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. சில பயம் பிறர் வேண்டுமென்றே உண்டாக்குவது. எழுத்தாளர் பெருமாள்முருகன், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு வந்த எதிர்ப்பால், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவிக்க வேண்டிவந்தது இதே கொங்கு நாட்டில். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. திரும்பி வந்தவர் கொண்டுவந்த கவிதைத் தொகுப்பின் பெயர் ‘கோழையின் பாடல்கள்’. மிரட்டலுக்கு ஆளானவரிடம் போய்ப் பயப்படாதே என்று உபதேசம் செய்வது கொடுமை. அப்போது அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டியவர்கள் வாசகர்களான நாம்.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “என் அப்பாவைப் பற்றித்தான் எழுதணும். வீட்டில் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்களே, அக்கா?” என்று கேட்டார்.

“யாருக்காகப் பயப்படறீங்க அம்மணி? உங்களுக்காக என்றால் எழுதுங்க. கதையில் வருகிறவருக்குக் கெடுதல் வருமோ என்ற பயம் என்றால், அதற்கும் காது கொடுக்கணும். பேரை மாத்துங்க, ஊரை மாத்துங்க, தொழிலை மாத்துங்க. நடந்ததன் வலியை மட்டும் மாத்தாதீங்க. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் கொஞ்ச காலம் பெட்டியில் இருக்கட்டும்” என்றேன்.

“அப்பாகிட்டயே முதலில் கொடுத்தா?”

“கொடுங்க” என்றேன். “பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்கக் கேளுங்க. அவர் சொல்கிற மறுப்பையும் எழுதிக்குங்க, அதுவும் கதைக்கு வேணும்.”