குவார்ட்டர்தானே என்று பதினோரு வருஷம்

வணக்கம் நண்பர்களே. சாயங்காலம் மணி ஏழு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றேதான் இந்த நேரத்தில் எடுக்கிறேன். முன்பெல்லாம் இந்த ஏழு மணி எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

நான் குடியை விட்டு நான்கு வருஷம், இரண்டு மாதம். "அண்ணா, எனக்குப் பிரச்சினை இருக்கா இல்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று தம்பிகள் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கே பதினோரு வருஷம் அது தெரியவில்லை. குடிகாரன் என்றால் வேட்டி அவிழ்ந்து சாக்கடை ஓரம் கிடப்பவன் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். நான் அப்படி இல்லையே! ஒன்பது மணிக்கு வேலைக்குப் போனேன், வண்டிக்குத் தவணை கட்டினேன், வீட்டில் யார் மேலும் கை வைத்ததில்லை. ராத்திரி ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான்.

சரி, அந்தக் குவார்ட்டர் எவ்வளவு? 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுத்தமான ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 60 கிராம். மருத்துவர்கள் 10 கிராமை ஒரு அளவு என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் நான் தினமும் குடித்தது ஆறு. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் சமாளிக்கும். பத்து மணிக்குக் குடித்து முடித்தால், நான் தூங்குவதாக நினைத்த நேரம் முழுக்க அது வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது.

ஆனால் அளவை விட, குடிக்காத நேரத்தில் மனசு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காந்தி ஜெயந்திக்குக் கடை மூடியிருக்கும், இல்லையா? நான் அக்டோபர் 1ஆம் தேதி மத்தியானமே பர்மிஷன் போட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்பேன். ஒன்று போதாமல் போய்விடுமோ என்று இரண்டு வாங்குவேன். உறவினர் கல்யாணம் என்றால் மண்டபத்துக்குப் பக்கத்தில் கடை இருக்கிறதா என்பதுதான் முதல் யோசனை. மகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி வண்டி ஓட்ட முடியாமல் பக்கத்து வீட்டு அண்ணனைத்தான் கூப்பிட்டோம். அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

கடைசியில் என்னை உலுக்கியது ஒரு செக். கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. காலையில் என் கை அவ்வளவு நடுங்கியிருக்கிறது. அன்றைக்குத்தான் மனநல மருத்துவரிடம் போனேன். அவர் நான்கு கேள்விகள் கேட்டார். குறைக்கணும் என்று எப்போதாவது தோன்றியதா? யாராவது சொன்னால் கோபம் வருகிறதா? குடித்ததற்காக மனசு உறுத்தியதா? காலையில் நடுக்கம் அடங்க ஒரு வாய் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே கவனிக்கணும் என்றார். நான் நான்குக்கும் ஆமாம் சொன்னேன்.

இதைத் தயவுசெய்து கேளுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர் வீராப்பாக ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நினைவு குழம்பி, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகலாம். மருத்துவமனையில் மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம் எப்படி இருந்தது என்று கேட்டால், முதல் மாதம் ரொம்பக் கஷ்டம். தூக்கம் வராது, சும்மா சும்மா எரிச்சல் வரும், இனிப்பு கேட்கும். ஆறரை மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடச் சொன்னார்கள். பசி அடங்கினால் ஆசையும் பாதி அடங்கியது, எனக்கு அது நன்றாகவே வேலை செய்தது. ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கும் போக ஆரம்பித்தேன். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடி நோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது அது. இன்றைக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூட அறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதையேதான் செய்கிறோம். பேர் மட்டும் சொன்னால் போதும். என் கதையை இன்னொருவர் வாயால் கேட்ட அன்றைக்குத்தான் அழுதேன்.

பழைய கூட்டாளிகளில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். பரவாயில்லை, இப்போது டீக்கடையில் பேசுவது மறுநாளும் ஞாபகம் இருக்கிறது. சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றும் வந்து குதிக்கவில்லை. சாயங்காலம் என்று ஒன்று திரும்பக் கிடைத்தது. இந்தச் செடித் தொட்டியில் பாருங்கள், கத்தரி பூத்திருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு. ராத்திரியில் கணக்கு நோட்டை என்னிடம் கொண்டுவர அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. நான் அவசரப்படுத்தவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது குடித்துக்கொண்டிருந்தால், போதையில் இருக்கும்போது சண்டை போடாதீர்கள். காலையில் உட்கார்ந்து பேசுங்கள், கூடவே மருத்துவரிடம் போங்கள். என் மனைவி அப்படித்தான் அந்தச் செக்கைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள்.

கீழே கூப்பிடுகிறார்கள். இன்றைக்குத் தோசை ஊற்றுவது என் முறை. அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரத்தில் வருகிறேன்.