உட்காரும் உரிமை
(திருவல்லிக்கேணியில் நடந்த மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைமை ஏற்றுள்ள பெரியவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் மூத்த சங்கத் தலைவர்களே, நல்லதொரு வரவேற்புரையால் என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம். சங்கம், சட்டம், வீட்டுவேலை செய்யும் பெண்களின் கூலி ஆகிய மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

1918 ஏப்ரலில் இந்நகரில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1959 முதல் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்புகிறவர்கள் நால்வர், நால்வரும் ஆண்கள். சிற்பி ராய் சௌத்ரியின் கலையில் நான் குறை காணவில்லை, ஆனாலும் அவ்வழியே பேருந்தில் போகும்போதெல்லாம் ஐந்தாவது உருவத்தை என் கண் தேடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாம் அழுத அழுகை அந்த வெண்கலத்துக்கு எட்டவில்லை போலும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப்புடவைப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம். ஆடித் தள்ளுபடிக் கூட்டம், காலை ஒன்பது மணியிலிருந்து நின்றபடியே வேலை. பேத்தியின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த பாட்டி ஒருவர், தமக்குப் போட்ட ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, "நீ உட்காரு கண்ணு, உன் கால் வீங்கியிருக்கு" என்றார். நான் மறுத்தேன். அவர் விடவில்லை. உட்கார்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, சூப்பர்வைசர் வந்து என் பெயரை அபராத நோட்டில் எழுதினார். பாட்டி எழுந்தார்; எடுத்து வைத்திருந்த பதினோரு புடவைகளையும் ஒவ்வொன்றாக மடித்து அவர் கையில் கொடுத்து, "இதெல்லாம் நீயே கட்டிக்கோப்பா" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார். (கைத்தட்டல்.) அபராதம் மட்டும் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது.

சட்டத்துக்கு வருகிறேன். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று திரண்டு போராடியதால், 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று விதித்தது. அங்கும் அழுத பிள்ளைதான் பால் குடித்தது. இங்கோ பால் கிண்ணத்தில் இருக்கிறது, பிள்ளை வாய்க்கு இன்னும் வரவில்லை. சட்டம் வந்த பின்னும் பல கடைகளில் நாற்காலிகள் வாடிக்கையாளருக்காக மட்டுமே கிடக்கின்றன. எங்காவது ஓர் இருக்கை இருந்தாலும், அதில் உட்கார்ந்தால் மறுநாள் வேலை இருக்குமா என்ற அச்சம் இருக்கிறது. சங்கம் இல்லாத கடையில் அந்த அச்சத்தைத் தனியொருத்தியால் போக்க முடியாது.

வீட்டுவேலைக் கூலி பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைக் காட்டுவதால் அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கிறேன். வாசலில் படிவம் வைத்திருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடை கடையாக ஏறி, கவுண்டருக்குப் பின்னால் எத்தனை நாற்காலிகள் என்று எண்ணிக் குறிக்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.