கிதார்காரர் மாறினால் பேண்டின் சவுண்ட் மாறிவிடுமா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் சுருக்கிப் படிக்கிறேன். இதில் வருகிற டீப் பர்ப்பிள் இங்கிலாந்தைச் சேர்ந்த ராக் பேண்ட், பிளாக்மோரும் மோர்ஸும் அதில் வெவ்வேறு காலத்தில் கிதார் வாசித்தவர்கள்.

"அண்ணா, நானும் என் நண்பனும் டீப் பர்ப்பிள் ரசிகர்கள். ரிச்சி பிளாக்மோர் போனதோடு அந்த பேண்ட் முடிந்துபோச்சு என்கிறான் அவன். எனக்கு ஸ்டீவ் மோர்ஸ் வாசித்ததுதான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் இதே சண்டைதான். இப்போது எங்கள் சபை பேண்டிலும் இதே பிரச்சினை வந்துவிட்டது. ஆறு வருஷம் வாசித்த அண்ணன் துபாய் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு பையன் வாசிக்கிறான். 'முன்னே மாதிரி இல்லை' என்று எல்லாரும் சொல்கிறார்கள். பையன் உடைந்துபோய்விட்டான். ஆள் மாறினால் சவுண்ட் மாறத்தான் செய்யுமா?"

தம்பி, முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பேண்டுகளில் சவுண்ட் முதலில் மாறுகிறது, ஆள் அதற்கப்புறம்தான் போகிறார். நமக்கு மேடையில் ஆள் மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது, சவுண்ட் மாறுவது மெதுவாக நடப்பதால் தெரிவதில்லை. அதனால் எல்லாப் பழியும் புதிதாக வந்தவர் தலையில் விழுகிறது.

நீங்கள் சண்டை போடுகிற பேண்டையே எடுத்துக்கொள்வோம். 1973இல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிதார் வாசித்த ரோஜர் க்ளோவரும் டீப் பர்ப்பிளை விட்டுப் போனார்கள். டேவிட் கவர்டேல், க்ளென் ஹ்யூஸ் இரண்டு பேரும் வந்தார்கள். இவர்களுக்கு சோல், ஃபங்க் என்கிற அமெரிக்கக் கறுப்பின இசையில் ஈடுபாடு அதிகம். 1974 கடைசியில் வந்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். அதிலேயே பேஸ் துள்ளுகிறது, தாளம் இளகி ஆடுகிறது. கிதார் வாசிப்பது யார்? பிளாக்மோர்தான்! அந்தப் போக்கு பிடிக்காமல்தான் 1975இல் அவர் வெளியேறி ரெயின்போ என்ற பேண்டை ஆரம்பித்தார்.

அப்புறம் அமெரிக்காவிலிருந்து கிதார்காரர் டாமி போலின் வந்தார். அதே 1975இல் அவரை வைத்து ஓர் ஆல்பம் போட்டார்கள். உடனே ரசிகர்கள், "இந்தப் பையன் வந்துதான் ஃபங்க் ஆக்கிவிட்டான்" என்றார்கள். ஃபங்க் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. போலின் நல்ல வாசிப்பாளர். 1973இல் டிரம்மர் பில்லி கோபம் போட்ட ஜாஸ் ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கேட்டால் உங்களுக்கே புரியும். ஆனால் மேடைக்கு மேடை பிளாக்மோரோடு ஒப்பிட்டே அவரை அளந்தார்கள். போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1976 மார்ச்சில் பேண்ட் கலைந்தது, டிசம்பரில் அவர் இறந்துபோனார். வயது 25. அந்த ஒரே ஆல்பத்தை எப்போது கேட்டாலும் எனக்கு மனசு கனத்துவிடும்.

சரி, மோர்ஸுக்கு வருவோம். 1984இல் பழைய ஆட்கள் மறுபடி சேர்ந்தார்கள். 1993இல், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் மறுபடியும் விலகினார். மிச்சக் கச்சேரிகளுக்கு இன்னொரு கிதார்காரர், ஜோ சாட்ரியானி, கைகொடுத்தார். 1994இல் ஸ்டீவ் மோர்ஸ் வந்தார், 2022 வரைக்கும் இருந்தார். உங்கள் நண்பர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிளாக்மோர் இரண்டு தடவையும் சேர்த்து இருந்தது சுமார் 16 வருஷம், மோர்ஸ் இருந்தது 28 வருஷம். மனைவியின் உடல்நிலை காரணமாக மோர்ஸ் விலகிய பிறகு சைமன் மெக்பிரைட் வாசிக்கிறார். 1968இலிருந்து எல்லா அணியிலும் இருக்கிற ஒரே ஆள் யார் தெரியுமா? டிரம்மர் இயன் பெய்ஸ். அவர் பெயரைச் சொல்லி டீக்கடையில் யாரும் சண்டை போடுவதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எனக்கே நடந்தது. 1994இல் எனக்குப் பத்தொன்பது வயது. ராயபுரத்தில் ஒரு லைட் மியூசிக் ட்ரூப். அதில் கிதார் வாசித்தவர் பெரம்பூரைச் சேர்ந்த ஓர் ஆங்கிலோ இந்திய அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து பழைய பனியன் துணியை எடுத்துக் கம்பி ஆறையும் மேலிருந்து கீழே துடைப்பார். "சால்ட் ஏர் மேன்" என்பார். காசிமேட்டுப் பக்கம் வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். அந்த உப்புக் காற்றில் கம்பி துருவேறி, சத்தம் மந்தமாகிவிடும். அந்த அங்கிள் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். அவர் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆடி மாசம், காசிமேட்டில் ஓர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்றைக்கு ராத்திரி கச்சேரி. இரண்டாவது பாட்டு முடிந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்பா, பழைய கிதார்காரர் வரலையா? அவர் இருந்தா கிதார் பேசும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகவே விசாரித்தார். அதற்கப்புறம் பன்னிரண்டு பாட்டு வாசித்தேன். எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பையன் உடைந்துபோய்விட்டான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி.

சில மாதம் கழித்து, ட்ரூப் நடத்தியவர் வீட்டில் பழைய கேசட் ஒன்றைப் போட்டார்கள். அங்கிள் போவதற்கு முந்தின வருஷத்துக் கச்சேரி. நான் டேப் ரெக்கார்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன். கிதாரைத் தேட வேண்டியிருந்தது! அங்கிள் வாசிக்கிறார், ஆனால் கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸ் சத்தம் மேலே பரவிக்கிடக்கிறது, அடியில் ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் டிரம் அதிர்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிதார் ஒரு நூல் மாதிரி கேட்கிறது.

என்ன நடந்தது என்றால், நான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே ட்ரூப்பில் புதுக் கீபோர்டும் பேடும் வாங்கியிருந்தார்கள். பாட்டுகளும் மாறியிருந்தன. இளையராஜா பாட்டுகளில் கிதாருக்கென்றே வீடு கட்டிக் கொடுத்தது மாதிரி இடம் இருக்கும். 1992இல் ஏ.ஆர். ரகுமான் வந்த பிறகு சின்தசைசரும் ரிதமும் முன்னுக்கு வந்த பாட்டுகளை மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மேடையில் அந்தச் சத்தம் எல்லாவற்றையும் கீபோர்டுதான் தர வேண்டும். கிதார் தானாகவே பின்னால் போனது. அந்தப் பெரியவர் காதில் இருந்தது நான்கு வருஷத்துக்கு முந்தைய அங்கிள். அவர் தேடியது சரிதான், தேடிய பொருள் தொலைந்த நாளைத்தான் தவறாகப் பிடித்துக்கொண்டார்.

அப்படியானால் ஆளால் ஒன்றுமே மாறாதா என்று கேட்பீர்கள். மாறும். கை மாறினால் சவுண்ட் மாறும். இப்போது வாசித்துக் காட்டுகிறேன், பாருங்கள்.

(கிதாரை எடுக்கிறார்)

எல்லாருக்கும் தெரிந்த ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வருகிற கிதார் துண்டு, டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் பதிவு செய்தது. கிதார் கற்றுக்கொள்ள வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைப் பிக் என்கிற சின்னத் தகட்டை வைத்து இப்படி அடிப்பார்கள்.

(வாசிக்கிறார்)

பிளாக்மோர் இதை விரலால் எடுக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டு கம்பி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, கிள்ளுகிற மாதிரி.

(வாசிக்கிறார்)

கேட்டீர்களா? பிக் வைத்தால் முதல் கம்பி முந்திக்கொள்கிறது, இரண்டாவது ஒரு மயிரிழை பிந்துகிறது. விரலில் இரண்டும் ஒன்றாக எழும்புகின்றன. இடம் ஒன்று, சுரம் ஒன்று, கிதாரும் ஒன்று. கை மட்டும்தான் வேறு. கம்பியை இழுத்துப் பிடித்து அசைப்பது, தாளத்தில் கொஞ்சம் முந்துவது, பிந்துவது, எல்லாம் அப்படித்தான். ஒருவர் கையை இன்னொருவருக்குக் கழற்றி மாட்ட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ரிஃப் அவ்வளவு கனமாக ஒலிப்பதற்குக் கிதார் மட்டும் காரணம் இல்லை. பேண்டின் கீபோர்டுகாரர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை கிதார்காரர்கள் பயன்படுத்துகிற மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, அதையும் கரகரக்க வைத்து, கிதாரோடு சேர்ந்து வாசித்தார். கிதார் என்று நாம் நினைப்பதில் பாதி ஆர்கன். மோர்ஸ் வந்தபோது அந்தப் பாதி அப்படியே இருந்தது. பெய்ஸ், க்ளோவர், கில்லன் மூன்று பேரும் இருந்தார்கள். அதனால்தான் 1996இல் மோர்ஸோடு வந்த முதல் ஆல்பம் புதிதாகவும் இருக்கிறது, டீப் பர்ப்பிளாகவும் இருக்கிறது. நாலு சுவர் நிற்கும்போது ஜன்னலை மாற்றினால் வீடு வீடாகத்தானே இருக்கும்.

ஆளாலேயே மாறிப்போன பேண்டும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ், ஃபங்க் கலந்து வாசிக்கிற அமெரிக்க ராக் பேண்ட். 1992இல் அவர்களுடைய கிதார்காரர் ஜான் ஃப்ரூஷான்டே போனார். டேவ் நவாரோ வந்தார், 1995இல் ஆல்பம் வந்தது. நவாரோவுடையது கனமான, அடுக்கடுக்கான வாசிப்பு. ஃபங்க் அவருடைய ஊர் இல்லை. பேண்டே வேறு மாதிரி ஒலித்தது. 1998இல் ஃப்ரூஷான்டே திரும்பினார், 1999இல் வந்த ஆல்பத்தில் கிதார் நிறைய இடம் விட்டு, கொஞ்சம் சுரங்களோடு நின்றது. இங்கே கிதார்தான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரசிகர்கள் "ஒரிஜினல்" என்று கொண்டாடுகிற அந்த ஃப்ரூஷான்டேயே மாற்று ஆளாக வந்தவர்தான். 1988இல் முதல் கிதார்காரர் ஹில்லல் ஸ்லோவாக் இறந்த பிறகு, 18 வயதில், அந்த பேண்டின் ரசிகனாக இருந்தவர் உள்ளே வந்தார். இப்போது யாராவது அவரை மாற்று ஆள் என்று சொல்வார்களா?

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் பேண்டான அயர்ன் மெய்டன் வேறு வழி பிடித்தார்கள். 1990இல் கிதார்காரர் ஏட்ரியன் ஸ்மித் போனார், ஜானிக் கெர்ஸ் வந்தார். 1999இல் ஸ்மித் திரும்பியபோது கெர்ஸை அனுப்பவில்லை. மூன்று கிதாராக வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

இப்போது உங்கள் சபைக்கு வருகிறேன். தண்டையார்பேட்டையில் நான் வந்து கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். துபாய் போன அண்ணன் கடைசி வருஷத்தில் வாசித்தது போனில் இருக்கும், அதைத் தேடி எடுங்கள். பழைய நினைவை வைத்துப் பேசாமல் அந்தப் பதிவை வைத்துப் பேசுங்கள். அதே பாட்டை இந்தப் பையன் வாசிக்க, போனை அதே இடத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் கீபோர்டு அண்ணன், டிரம்ஸ் தம்பி, மிக்சரில் நிற்கிறவர் எல்லாரும் உட்கார்ந்து கேட்கட்டும். என் அனுபவத்தில், பாதி நேரம் குற்றவாளி கீபோர்டின் இடது கைதான். பழைய ஆளுக்கு விட்ட இடத்தைப் புதுப் பையனுக்கு விடமாட்டார்கள், அவன் தடுமாறுவான் என்று பயந்து நிரப்பிவிடுவார்கள். பயம் நல்ல மனசில் வருவதுதான், ஆனால் பையன் அதில் மூழ்கிவிடுகிறான்.

அப்புறம் அந்தப் பையனுக்கு. ஜனங்கள் வாயால் முணுமுணுக்கிற இடம் ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். ஆரம்பத்தில் வருகிற அந்த நாலு சுரம், சரணத்துக்கு முன்னால் ஏறுகிற ஏற்றம். அதைத் தொடாதே தம்பி. அது அந்த அண்ணனுடையதுகூட இல்லை, இப்போது சபையாருடையது. அண்ணன் வாசித்த மாதிரியே வாசி. மற்ற இடமெல்லாம் உன்னுடையது, அங்கே அவரைக் காப்பி அடிக்காதே. நான் அங்கிளை இரண்டு வருஷம் காப்பி அடித்தேன். அவர் கம்பியை இழுத்து வளைக்கிற பெண்டு, அவருடைய நிறுத்தம், எல்லாம். என் கைக்கு அது ஒட்டவே இல்லை. ட்ரூப் நடத்தியவர் ஒரு நாள் ரிகர்சலில், "முகப்பை மட்டும் அவர் மாதிரி வாசி, நடுவில் உனக்கு வந்ததை வாசி" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

கம்பி எப்போது மாற்றியது என்றும் அவனைக் கேளுங்கள். இரண்டு மாசம் ஆகியிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஒரு பழைய பனியன் துணியும் கிதார் பையில் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு புதுக் கம்பியில், கீபோர்டு அண்ணன் இடது கையைக் குறைத்து வாசிக்க, ஒரு பாட்டைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். துபாய் அண்ணனுக்கும் அனுப்புங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள் தம்பி.